இரைப்பையின் வாசல் அடைபட்டால்: பலூனா, அறுவையா, ஸ்டென்டா?

காலை ஆறு மணிக்கு, மூக்கு வழியாகப் போட்ட குழாயில் தண்ணீர் விட்டு அந்தப் பெரியவரின் இரைப்பையைக் கழுவினேன். பேசினில் வந்து விழுந்ததில் கீரைத்தண்டு நார் இருந்தது, தக்காளித் தோல் இருந்தது, உருக்குலையாத சோற்றுப் பருக்கைகள் இருந்தன. "கீரை எப்போது சாப்பிட்டீர்கள் ஐயா?" என்று கேட்டேன். அவருக்குப் பேசத் தெம்பில்லை. மனைவிதான் சொன்னார்: "முந்தாநாள் மதியம் சிஸ்டர். அதற்குப் பிறகு வெறும் மோர்தான் கொடுத்தேன்."

பேசினில் மஞ்சளோ பச்சையோ துளிகூட இல்லை. பித்தநீர் கலக்காத வாந்தி என்றால், பித்தநீர் குடலுக்குள் வந்து சேரும் இடத்துக்கு மேலேயே வழி அடைபட்டிருக்கிறது என்று பொருள். அதாவது இரைப்பையின் கடைவாசலில், அல்லது அதை ஒட்டிய முன்சிறுகுடலின் தொடக்கத்தில். அந்த வாசலுக்குப் பைலோரஸ் என்று பெயர். கிரேக்க மொழியில் வாயிற்காவலன். வளையம் போன்ற தசை அது. அரைத்துக் கூழான உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுவதுதான் அதன் வேலை.

அறுவைச் சிகிச்சை வார்டில் செவிலியராக இருபத்தெட்டு ஆண்டுகள் இருந்தேன். இந்த நோயாளிகளின் வீட்டார் வராந்தாவில் என்னை நிறுத்திக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். "ஒரு டாக்டர் பலூன் வைக்கலாம் என்கிறார், இன்னொருவர் ஆபரேஷன் என்கிறார், வெளியில் கேட்டால் ஸ்டென்ட் என்கிறார்கள். எது நல்லது சிஸ்டர்?" மருத்துவர் சொல்ல வேண்டிய முடிவை நான் சொல்ல முடியாது. ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும், எந்த வழியில் என்ன கிடைக்கும், என்ன போகும் என்பதைச் சொல்ல முடியும். அடைப்பு எதனால் வந்தது, அந்த மனிதருக்கு இன்னும் எவ்வளவு காலம் சாப்பாடு இறங்க வேண்டும் என்ற இரண்டும் தெரிந்தால் பாதி முடிவு தானாகவே வந்துவிடும். இவை தெரியாமல் "எது புதிய சிகிச்சை", "எது தழும்பு இல்லாதது" என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்கள் திரும்பத் திரும்ப வார்டுக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு தலைமுறைக்கு முன்பு காரணம் பெரும்பாலும் புண்தான். வாசலை ஒட்டி வரும் புண், ஆறுவதும் திரும்ப வருவதுமாக வருடக்கணக்கில் இருந்து, தழும்பு இறுகி வழியையே சுருக்கிவிடும். பிறகு அமிலத்தை அடக்கும் நல்ல மருந்துகள் வந்தன. புண்ணுக்கு மூலகாரணம் பெரும்பாலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி என்பதை 1982-ல் ஆஸ்திரேலியாவில் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் கண்டறிந்தார்கள். 2005-ல் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதன் பிறகு புண்ணால் வரும் அடைப்பு வெகுவாகக் குறைந்தது. இன்று பெரியவர்களுக்கு இந்த வாசல் அடைபட்டால் முதலில் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டியது புற்றுநோய். இரைப்பையின் கீழ்ப்பகுதியிலேயே கட்டி இருக்கலாம், அல்லது பக்கத்தில் கணையத்தின் தலைப்பகுதியில் வளர்ந்து வெளியிலிருந்து நெரிக்கலாம். நம் நாட்டில் காசநோயும் அமிலம் குடித்த காயமும் பட்டியலில் சேரும். சர்க்கரை நோய் முற்றியவர்களுக்கு வாசல் திறந்தே இருந்தும் இரைப்பை அசையாமல் உணவு தேங்கும். அதற்குப் பலூனும் வேண்டாம், கத்தியும் வேண்டாம், அது வேறு வைத்தியம்.

வாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டு எண்டோஸ்கோப்பி பார்த்து, சதை எடுத்துப் பரிசோதித்து, சி.டி. ஸ்கேன் எடுத்த பிறகுதான் காரணம் தெரியும். முதல் சதைப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தாலும், சந்தேகம் இருந்தால் மறுபடி எடுப்பார்கள். இரைப்பைச் சுவருக்குள்ளேயே பரவும் வகைப் புற்று, மேலோட்டமாக எடுத்த சதையில் சிக்காமல் போவதுண்டு. "ஒருமுறைதான் எடுத்தாயிற்றே" என்று கோபப்படாதீர்கள்.

இதற்கிடையே வீட்டார் பொறுமையிழக்கும் கட்டம் ஒன்று உண்டு. "வந்து நான்கு நாளாகிவிட்டது, டிரிப்ஸ் மட்டும் ஏற்றுகிறார்கள், இன்னும் ஆபரேஷனுக்கு எடுக்கவில்லை" என்பார்கள். அந்த நான்கு நாளில் நடப்பதுதான் உயிரைக் காக்கிறது. வாரக்கணக்கில் வாந்தி எடுத்தவர் தண்ணீரை மட்டும் இழப்பதில்லை. இரைப்பை அமிலத்தோடு குளோரைடு போகிறது, பொட்டாசியம் குறைகிறது, ரத்தம் காரத்தன்மை அடைகிறது. இந்த நிலையில் மயக்க மருந்து கொடுத்தால் இதயத் துடிப்பு தடுமாறும், மூச்சு மந்தமாகும். உப்புநீரும், சிறுநீர் நன்றாகப் பிரியத் தொடங்கியதும் பொட்டாசியமும் ஏற்றி, அளவுகள் சரியான பிறகுதான் அறுவை மேசைக்கு எடுக்க வேண்டும். இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறேன். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் தயாமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் பாட்டிலை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்: கண் சுழலும், நடை தள்ளாடும், நினைவு குழம்பும். பக்கத்து கிளினிக்கில் "தெம்புக்கு இரண்டு குளுக்கோஸ்" ஏற்றிக்கொண்டு வந்தவர்களை நினைத்தால் இப்போதும் எனக்குப் பதறுகிறது. "தயாமின் போட்டாயிற்றா?" என்று நீங்களே கேளுங்கள். ஒரு ஊசி அது.

புண் தழும்பினால் வந்த அடைப்பு என்று தெரிந்தால் உங்கள் முன் உண்மையில் மூன்று வழிகள் இருக்கின்றன. மூன்றாவதாக மறந்துபோவது பொறுத்திருப்பது. தழும்பு இறுகி அடைத்திருப்பது ஒன்று, புண் வீங்கி அடைத்திருப்பது வேறு. வீக்கம் என்றால் இரைப்பையைக் கழுவிக் காலியாக வைத்து, அமில அடக்கி மருந்தை ஊசியாகக் கொடுத்தாலே சில நாளில் வழி திறக்கும். கீரைத்தண்டு பெரியவருக்கு எண்டோஸ்கோப்பியில் வீக்கமும் இருந்தது, தழும்பும் இருந்தது. மூட்டுவலிக்காக இரண்டு வருடமாக மெடிக்கல் ஷாப்பில் வாங்கித் தினமும் மாத்திரை போட்டிருக்கிறார் என்பது மூன்றாம் நாள்தான் வெளியே வந்தது. அதுவரை "வேறு மருந்து எதுவும் சாப்பிடுவதில்லை" என்றுதான் சொன்னார். வலி மாத்திரையை யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை.

அவருக்கு மருந்தால் பாதி திறந்தது, மீதிக்குப் பலூன் வைத்தார்கள். எண்டோஸ்கோப் வழியாகச் சுருங்கிய இடத்தில் பலூனை நிறுத்தி, தண்ணீர் அழுத்தத்தால் விரிப்பது. முதல் தடவையே முழுசாக விரிக்க மாட்டார்கள். எட்டு, பத்து மில்லிமீட்டரில் தொடங்கி, சில வார இடைவெளியில் படிப்படியாகப் பதினைந்து மில்லிமீட்டர் வரை கொண்டுபோவார்கள். வயிற்றைத் திறக்க வேண்டாம், அடுத்த நாளே கஞ்சி குடிக்கலாம், ஒரு தடவைக்கு ஆகும் செலவும் குறைவு. ஆனால் எத்தனை தடவை வர வேண்டியிருக்கும் என்பதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். வேலை விட்டு, துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு, பஸ் பிடித்து வர வேண்டியவருக்கு ஐந்து தடவை என்பது சின்ன விஷயம் இல்லை. நூறு பேரில் சிலருக்குப் பலூன் விரியும்போது சுவர் கிழியும். அப்படி நேர்ந்தால் அவசர அறுவைதான். அதனால் அறுவை வசதி உள்ள மருத்துவமனையில் பலூன் வைத்துக்கொள்வது நல்லது.

பலூன் மட்டும் போதாது. கிருமி இருந்தால் அதற்கான மருந்தைப் பதினான்கு நாளும் விடாமல் சாப்பிட வேண்டும், ஒழிந்ததா என்று பிறகு பரிசோதிக்க வேண்டும், வலி மாத்திரையை நிறுத்த வேண்டும். இவற்றைச் செய்தவர்களுக்குப் பலூனின் பலன் வருடக்கணக்கில் நிற்கிறது. செய்யாதவர்களுக்கு வாசல் மறுபடி சுருங்குகிறது.

திரும்பத் திரும்பச் சுருங்கினால், அல்லது தழும்பு நீளமாக இருந்தால், அறுவை. இரைப்பையின் பக்கத்தில் புதிதாக ஒரு வாசல் திறந்து சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் அது. முன்பெல்லாம் அமிலம் சுரக்கச் சொல்லும் வேகஸ் நரம்பையும் சேர்த்துத் துண்டிப்பார்கள். இப்போது மாத்திரையே அமிலத்தை அடக்கிவிடுவதால் நரம்பை விட்டுவைப்போரும் உண்டு. உங்கள் மருத்துவர் எதைச் செய்யப்போகிறார் என்று கேளுங்கள். நரம்பை விட்டுவைத்தால் இணைப்பில் புண் வராமல் இருக்க மாத்திரை தொடர வேண்டியிருக்கும். பைபாஸ் ஒரே தடவையில் முடிகிற காரியம், நெடுங்காலம் நிற்கும். ஆனால் அதற்கும் விலை உண்டு. சாப்பிட்ட சிறிது நேரத்தில் படபடப்பு, வியர்வை, தலைச்சுற்றல் சிலருக்கு வரும், ஏனென்றால் காவலன் இல்லாத வாசலில் உணவு ஒரேயடியாகக் கொட்டுகிறது. இனிப்பைக் குறைத்து, சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல், மூன்று வேளையை ஆறு வேளையாகப் பிரித்தால் பெரும்பாலோருக்கு அடங்கும். இரும்புச்சத்தும் பி12-ம் குறைகிறதா என்று வருடம் ஒருமுறை பார்க்க வேண்டும். என் கருத்தைக் கேட்டால், புண் அடைப்புக்கு முதலில் பலூன், அதன் பலன் இரண்டு மூன்று தடவையிலும் நிற்கவில்லை என்றால் தயங்காமல் அறுவை. பத்தாவது பலூனுக்காகக் காத்திருந்து எலும்பும் தோலுமாக வந்தவர்களுக்கு அறுவைக் காயம் ஆறுவதே பெரும்பாடு.

அமிலம் குடித்தவர்களுக்கு இதே கணக்கு அப்படியே பொருந்தாது. கழிவறை கழுவ வைத்திருந்த அமிலத்தைக் குடித்த பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி எங்கள் வார்டில் இருந்தாள். முதல் வாரம் தேறிவிட்டாள் என்று வீட்டுக்கு அனுப்பினோம். ஆறாவது வாரம் வாந்தியோடு வந்தாள். இது இப்படித்தான் நடக்கும். காயம் ஆறும்போதுதான் தழும்பு இறுகும், அதனால் முதலில் நன்றாக இறங்கிய சாப்பாடு ஒன்றிரண்டு மாதம் கழித்து நிற்கும். இந்தத் தழும்பு புண் தழும்பைவிடக் கெட்டியானது. பலூனுக்கு இணங்கும், ஆனால் அதிக தடவை வேண்டும். சுருக்கம் சின்னதாக இருந்தால் பலூனை முயன்று பார்ப்பது நியாயம். இரைப்பை முழுவதுமே சுருங்கிப் பைபோல் இல்லாமல் குழாய்போல் ஆகியிருந்தால் பலூனால் பயனில்லை. அறுவை என்றாலும் காயம் முழுக்க ஆறும்வரை சில மாதம் பொறுக்கச் சொல்வார்கள். அதுவரை சிறுகுடலில் நேரடியாகக் குழாய் வைத்து உணவு கொடுப்பார்கள். அந்தப் பெண்ணுக்கும் அப்படி வைத்தோம். அவள் அம்மா தினமும் மிக்ஸியில் அடித்து, இரண்டு முறை வடிகட்டி, குழாய் அடைக்காமல் ஊட்டக் கற்றுக்கொண்டார். வார்டில் எங்களில் யாரும் அவ்வளவு பக்குவமாகச் செய்ததில்லை.

யாராவது அமிலம் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். வெளியே வரும்போது அது உணவுக்குழாயை இரண்டாம் முறை எரிக்கும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். வாசல் திறப்பதோடு மனநல மருத்துவரின் சிகிச்சையும் சேர்ந்தால்தான் இவர்களுக்கு வைத்தியம் முழுமை பெறும். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் 14416-ல் எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

காசநோயால் அடைபட்டிருந்தால் மாத்திரைகள்தான் முதல் சிகிச்சை, தேவைப்பட்டால் கூடவே பலூன். இதில் அவசரப்பட்டு வெட்டியதற்காக வருத்தப்பட்டவர்களை அறிவேன்.

புற்றுநோய் என்றால் கேள்வியே வேறு. முதலில் அதை முழுதாக எடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். 1881 ஜனவரி 29 அன்று வியன்னாவில் அறுவை மருத்துவர் தியோடர் பில்ரோத், நாற்பத்து மூன்று வயதுப் பெண் ஒருவரின் இரைப்பை வாசலில் இருந்த புற்றுக்கட்டியை வெட்டி எடுத்து, மிச்சத்தை முன்சிறுகுடலோடு இணைத்தார். அந்த அறுவையிலிருந்து பிழைத்தெழுந்த முதல் நோயாளி அவர். ஆனால் நான்கு மாதத்தில் நோய் திரும்பி இறந்துபோனார். அதே வருடம் பில்ரோத்தின் உதவியாளர் அன்டன் வொல்ஃப்லர் இன்னொரு நோயாளியின் வயிற்றைத் திறந்தபோது கட்டி எடுக்க முடியாதபடி பரவியிருந்தது. மூடிவிடாமல், சிறுகுடலை மேலே கொண்டுவந்து இரைப்பையில் இணைத்துவிட்டார். கட்டி இருந்த இடத்திலேயே இருந்தது, உணவு மட்டும் வேறு வழியாக இறங்கியது. இன்றைக்கும் வராந்தாவில் நாம் பேசும் இரண்டு பாதைகள் அந்த ஒரே வருடத்தில் பிறந்தவை. எடுக்க முடிந்தால் எடுப்பது, முடியாவிட்டால் சாப்பாட்டுக்கு வழிசெய்வது.

எடுக்க முடியும் என்றால் பலூனையும் ஸ்டென்டையும் பேசி நாளைக் கடத்தாதீர்கள். எடுக்க முடியாது என்னும்போதுதான் இந்த ஒப்பீடு மிகவும் தேவைப்படுகிறது. ஒரு பக்கம் பைபாஸ் அறுவை. இன்னொரு பக்கம் உலோக வலைக்குழாய், அதாவது ஸ்டென்ட். எண்டோஸ்கோப் வழியாகக் கட்டிக்கு நடுவே அதை வைத்தால் இரண்டொரு நாளில் தானாக விரிந்துகொள்ளும். நெதர்லாந்தில் இந்த இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2010-ல் வெளியிட்டார்கள். மொத்தம் 39 பேர்தான், சிறிய ஆய்வு. ஆனால் வார்டில் நான் கண்டதோடு அது ஒத்துப்போகிறது. ஸ்டென்ட் வைத்தவர்கள் சீக்கிரம் சாப்பிட்டார்கள், சராசரியாக ஐந்தாம் நாள். அறுவை செய்தவர்களுக்கு எட்டு நாள் ஆயிற்று. ஸ்டென்ட் வைத்தவர்கள் மருத்துவமனையில் தங்கிய நாட்களும் அறுவை செய்தவர்களுக்கு ஆனதில் பாதிதான். ஆனால் மாதங்கள் போகப்போக நிலைமை மாறியது. ஸ்டென்ட் வலைக்குள் கட்டி வளர்ந்து மறுபடி அடைத்தது, திரும்ப வர வேண்டியிருந்தது. நெடுநாள் ஓரளவு திடமாகச் சாப்பிட்டவர்கள் அறுவை செய்துகொண்டவர்களே. இரண்டு மாதத்துக்கு மேல் வாழ்வார் என்று தோன்றினால் அறுவை, அதற்குக் குறைவு என்றால் ஸ்டென்ட் என்பது அந்த ஆய்வாளர்களின் பரிந்துரை.

ஆகவே மருத்துவரிடம் கேட்கவே கூடாது என்று குடும்பங்கள் தவிர்க்கும் கேள்வியைத்தான் இங்கே முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. "இன்னும் எவ்வளவு காலம் என்று நினைக்கிறீர்கள் டாக்டர்?" தேதி சொல்ல மாட்டார். ஆனால் வாரங்களா, மாதங்களா என்று சொல்வார். அது போதும்.

இப்போது மூன்றாவது வழியும் வந்திருக்கிறது. எண்டோஸ்கோப்பின் நுனியில் இருக்கும் ஸ்கேன் கருவியால் சுவருக்கு அப்பால் உள்ள சிறுகுடலைப் பார்த்து, இரைப்பைக்கும் அதற்கும் நடுவே, இரு பக்கமும் விரிந்த சிறிய உலோக இணைப்பைப் பொருத்துகிறார்கள். வயிற்றைத் திறக்காமலேயே பைபாஸ். கட்டிக்குள் நுழையாததால் அது சீக்கிரம் அடைவதில்லை. ஹாங்காங் மருத்துவர்கள் தலைமையில் பல நாடுகளில் 97 பேரிடம் சாதாரண ஸ்டென்டோடு இதை ஒப்பிட்ட ஆய்வு 2024-ல் வெளிவந்தது. ஆறு மாதத்துக்குள் மறுபடி சிகிச்சை தேவைப்பட்டவர்கள் ஸ்டென்ட் பக்கம் 29 சதவீதம், இந்தப் புதிய வழியில் 4 சதவீதம். பெரிய வித்தியாசம். ஆனால் அதற்குக் கை பழகியவர்கள் வேண்டும், பெரிய மையங்களில்தான் இருப்பார்கள். இணைப்புக் கருவியின் விலையும் அதிகம். வயிற்றில் நீர் அதிகம் கோத்திருந்தால் பொருந்தாது. அப்படி ஒரு மையம் எட்டும் தூரத்தில் இருந்து, செலவும் தாங்குமென்றால் நான் இதைத்தான் முதலில் விசாரிப்பேன். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை வைத்திருப்பவர்கள் எந்த முறைக்கு எவ்வளவு கிடைக்கும் என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

எந்த வழியானாலும் முன்பே பார்க்க வேண்டியவை இரண்டு. புற்று வயிற்றுக்குள் பரவி, கீழே குடலில் இன்னொரு இடத்திலும் அடைத்திருந்தால், மேல்வாசலைத் திறந்து பயனில்லை. கண்ணில் மஞ்சள் தெரிந்தால் பித்தக்குழாயையும் சேர்த்துத் திறக்க வேண்டும், அதைப் பெரும்பாலும் முதலில் செய்வார்கள். குடலில் ஸ்டென்ட் வைத்த பிறகு பித்தக்குழாயின் வாயை எட்டுவது கடினம்.

கைக்குழந்தைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிறந்து மூன்று முதல் ஆறு வாரத்தில், நன்றாகப் பால் குடித்த குழந்தை திடீரெனப் பீய்ச்சியடித்து வாந்தி எடுத்து, உடனே பசித்து மறுபடி குடிக்கத் தவித்தால், வாசல் தசை தடித்திருக்கலாம். ஆண் குழந்தைகளுக்கு அதிகம். இதில் பெரிய ஒப்பீடு தேவையில்லை. உப்புகளைச் சரிசெய்துவிட்டு, தடித்த தசையை உள்தோல் கிழியாமல் கீறிவிடும் அறுவை, ஜெர்மனியின் கொன்ராட் ராம்ஸ்டெட் 1912-ல் எழுதிவைத்த அதே முறை, இன்றும் மிக நல்ல பலன் தருகிறது. சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியா, சின்ன வெட்டா என்பது கைப்பழக்கத்தைப் பொறுத்தது, உங்கள் மருத்துவருக்கு எது பழக்கமோ அதற்கே விடுங்கள். அட்ரோபின் மருந்தாலும் சரிசெய்யலாம், ஆனால் நாளும் அதிகம், தோல்வியும் அதிகம். குழந்தையின் வாந்தி பச்சையாக இருந்தால் மட்டும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். அது குடல் முறுக்கிக்கொண்டதாக இருக்கலாம்.

ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் எங்கள் வார்டுக்கு எழுபத்தொரு வயது அம்மா ஒருவர் வந்தார். கணையப் புற்று, கல்லீரலிலும் பரவியிருந்தது. மகன்கள் இருவரும் ஆபரேஷன் என்றார்கள், மகள் எதுவும் வேண்டாம் என்றார். மூவரும் என் மேசைக்கு முன் நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. இரவு மருந்து கொடுக்கப் போனபோது, "உங்களுக்கு என்னம்மா வேண்டும்?" என்று கேட்டேன். "காபி குடித்து இருபது நாளாயிற்று" என்றார். மறுநாள் மருத்துவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வாரங்கள்தான் என்பதை மெதுவாகச் சொன்னார். மகன்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஸ்டென்ட் வைக்க முடிவாயிற்று. மூன்றாம் நாள் காலை அரை டம்ளர் காபி, நுரை இல்லாமல், ஆற்றி, வாய் வாயாகக் குடித்தார். ஐந்தாம் நாள் ரசத்தில் குழைத்த சோறு. கீரைத்தண்டும் முருங்கைக்காயும் வலையில் சிக்கும், வேண்டாம் என்று ஒரு தாளில் எழுதி மருமகளிடம் கொடுத்தேன். ஏழு வாரம் கழித்து மகள் தொலைபேசியில் அழைத்தார். அன்று காலைவரை காபி இறங்கியது என்றார்.